ஒழுங்கையிலிருந்து கடல்வரை

ஒரு நகரத்தின் சிறப்பை அதன் கோபுரங்களையும் மாளிகைகளையும் கொண்டு அளப்பது நெடுநாள் வழக்கம். ஆயின் அந்நகரத்தின் உண்மையான இயல்பை அறிய விரும்புவோன் பார்க்கவேண்டிய இடம் வேறொன்றுண்டு. அந்நகர மக்கள் குளித்த நீரும், துவைத்த நீரும், மலசலகூடத்து நீரும் எங்கே போகின்றன? யாருடைய வாசலைக் கடந்து போகின்றன? யாருடைய கையால் அகற்றப்படுகின்றன? இம்மூன்று வினாக்களுக்கும் விடை தெரிந்துவிட்டால், அந்நகரில் மனிதராக மதிக்கப்படுவோர் யார், மதிக்கப்படாதோர் யார் என்பது தெளிவாகிவிடும்.

கழிவுநீரின் வரலாற்றைப் பொறியியலின் வரலாறாகவே இதுவரை பலரும் எழுதியுள்ளனர். குழாயின் விட்டம், பம்பியின் வலு, தொட்டியின் ஆழம் என்பனவே அவ்வரலாற்றின் பொருளாயின. அவை வேண்டியவையே. ஆயினும், குழாய் எந்தத் தெருவோடு நின்றது, ஏன் அங்கே நின்றது என்ற வினாவைப் பொறியியல் மாத்திரம் விடுவிக்க முடியாது. அது சமுதாயத்தின் வினா. அவ்வினாவுக்குக் கராச்சி நகரத்து ஏழை மக்கள் 1980களில் தம் கையாலேயே எழுதத் தொடங்கிய விடையைப் பற்றியது இக்கட்டுரை. அவ்விடையின் பெறுமதியை உணர்வதற்கு முதலில் இலண்டன் மாநகருக்குப் போதல் வேண்டும்.

தேம்ஸ் நதியின் நாற்றமும் மன்றத்தின் விழிப்பும்

இயந்திரத் தொழில் வளர்ந்த இங்கிலாந்தின் நகரங்களில் தொழிலாளர் வாழ்ந்த நிலையை 1842ஆம் ஆண்டில் எட்வின் சாட்விக் அரசாங்க அறிக்கையாக வெளியிட்டார். மூன்றாண்டுகளின் பின், 1845இல், மான்செஸ்டர் நகரத்துத் தொழிலாளர் குடியிருப்புகளைத் தன் கண்ணாற் கண்ட இளைஞர் ஏங்கல்ஸ் அதே நிலையை வேறொரு நோக்கில் நூலாக எழுதினார். முன்னவர் நோயைக் கண்டார். பின்னவர் அந்நோயை விளைவித்த உறவைக் கண்டார். இருவர் கண்ணிலும் பட்ட காட்சி ஒன்றே: தேங்கிய சாக்கடையும் அதன் ஓரத்தில் விளையாடும் குழந்தைகளும்.

இதற்கிடையில் வாந்திபேதி இலண்டனை மீண்டும் மீண்டும் தாக்கியது. 1848–49ஆம் ஆண்டுகளில் அந்நகரில் மாத்திரம் 14,000க்கு மேற்பட்டோர் மாண்டனர். 1854இல் யோன் ஸ்நோ என்ற வைத்தியர், நோய் காற்றிலே பரவுவதன்று, அழுக்குக் கலந்த குடிநீரிலே பரவுவது என்பதைப் புரோட் வீதிக் குழாய்க் கிணற்றை வைத்து எடுத்துக்காட்டினார். எனினும் ஆயிரமாயிரமாய் ஏழைகள் மடிந்தபோது விரைந்து அசையாத பாராளுமன்றம் எப்போது அசைந்தது? 1858ஆம் ஆண்டின் கோடையில், வெப்பத்தால் நீர் வற்றிய தேம்ஸ் நதியின் நாற்றம் வெஸ்ட்மின்ஸ்டர் மாளிகையின் சாளரங்களினூடாக உட்புகுந்தபோது! சாளரத் திரைகளைச் சுண்ணக் குளோரைட்டுக் கரைசலில் தோய்த்துத் தொங்கவிட்டுப் பார்த்தனர், பயனில்லை. பதினெட்டு நாட்களுக்குள் சட்டம் நிறைவேறியது. மூக்கிற்கு எட்டிய பின்னரே சட்டம் பிறந்தது.

யோசேப் பசல்ஜெற் என்ற பொறியியலாளர் வகுத்த பெருங்குழாய்த் திட்டம் மனித உழைப்பின் மகத்தான சாதனைகளுள் ஒன்று என்பதில் ஐயமில்லை. 82 மைல் நீளமான செங்கற் சுரங்கங்கள் நகரின் அழுக்கையெல்லாம் ஏந்திக் கிழக்கே கொண்டு சென்றன. 1865இல் இளவரசர் அதனைத் திறந்துவைத்தார். ஆனால் அடுத்த ஆண்டிலேயே, 1866இல், வாந்திபேதி மீண்டும் வந்தது. அது வந்த இடம் கிழக்கு இலண்டன். துறைமுகத் தொழிலாளரும் கூலிகளும் வாழ்ந்த பகுதி. அங்கேதான் புதிய குழாய் வேலை இன்னும் முற்றுப்பெறாதிருந்தது. அழுக்குக் கலந்த குடிநீரும் அங்கேதான் விநியோகமாயிற்று. 5,000க்கு மேற்பட்டோர் மாண்டனர். குழாய் கடைசியாகச் சென்ற தெருவுக்கு மரணம் முதலாவதாகச் சென்றது.

இன்னொன்றையும் கவனித்தல் வேண்டும். பசல்ஜெற்றின் குழாய்கள் கழிவுநீரைச் சுத்திகரிக்கவில்லை, இடம் மாற்றின. நகரின் கிழக்கே பெக்ரன், குரொஸ்னெஸ் என்னும் இடங்களில் அது அப்படியே ஆற்றில் விடப்பட்டது. 1878ஆம் ஆண்டு செப்டெம்பரில் ‘பிரின்சஸ் அலிஸ்’ என்ற உல்லாசக் கப்பல் அவ்விடத்துக்கு அண்மையில் மோதுண்டு மூழ்கி 600க்கு மேற்பட்டோர் இறந்தபோது, அவர்கள் விழுந்த நீர் எத்தகையது என்பதை நாடே பேசியது. பின்னர் சேற்றைப் பிரித்தெடுத்து 1887 முதல் கப்பலில் ஏற்றிக் கடலிற் கொட்டினர். அவ்வழக்கம் 1998ஆம் ஆண்டுவரை நீடித்தது. நுண்ணுயிர்களைக் கொண்டு கழிவுநீரைத் தூய்மையாக்கும் முறையை ஆர்டேன், லொக்கெற் என்ற இருவர் மான்செஸ்டரில் 1914இல் வெளியிட்டனர். குழாய் வந்து அரை நூற்றாண்டு கழிந்த பின்னரே சுத்திகரிப்பு அதன் இன்றைய வடிவில் வந்தது.

எனவே இலண்டன் நமக்குத் தரும் பாடம் இரண்டு. பெருந்திட்டம் ஏழையின் தெருவுக்கு இறுதியாகவே வரும் என்பது ஒன்று. அழுக்கைக் கண்ணுக்கு மறைப்பதும் அழுக்கைப் போக்குவதும் ஒன்றல்ல என்பது மற்றொன்று.

குடியேற்ற நாடுகளின் பங்கு

ஆளும் நாட்டுத் தலைநகரிலேயே நிலை இதுவாயின், ஆளப்பட்ட நாடுகளின் நகரங்களைப் பற்றிக் கூறவேண்டுமா? கோட்டையும், வெள்ளையர் வாழ்ந்த தெருக்களும், வணிக வீதிகளும் முதலில் வடிகால் பெற்றன. மற்றைய பகுதிகளுக்கு வாளியும் வண்டியும் மனிதத் தோளும் போதுமென்று கருதப்பட்டது. நம் இலங்கையின் நகரங்களில் அந்த வாளிகளைச் சுமந்தவர் யார்? தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து கொண்டுவரப்பட்டு, நகரசபைகளின் ‘லயன்’களில் குடியமர்த்தப்பட்டு, பரம்பரை பரம்பரையாக நகரசுத்தித் தொழிலோடு பிணைக்கப்பட்ட தமிழ்த் தொழிலாளர். வாளிக் கக்கூசு நெடுங்காலம் நம் நகரங்களிற் பொறியியல் இல்லாத குறையைச் சாதியால் நிரப்பியது. தூய்மையைப் பற்றி உரத்துப் பேசிய சமுதாயம், தன்னைத் தூய்மையாக வைத்திருந்தவனைத் தீண்டத்தகாதவன் என்று ஒதுக்கியது. கழிவுநீரைப் பற்றிப் பேசும் எவரும் இவ்வநீதியைக் கடந்து பேசுதல் தகாது.

சுதந்திரம் வந்தது. ஆசியாவின் நகரங்கள் பெருகின. நிலமற்றோரும், கலவரத்தால் ஓடிவந்தோரும், வேலை தேடியோரும் நகரின் ஓரங்களில் குடிசை அமைத்தனர். நகரத் திட்டங்களின் வரைபடத்தில் அவர்கள் வாழ்ந்த இடம் வெற்றிடமாகவே காட்டப்பட்டது. அத்தகைய வெற்றிடங்களுள் ஒன்றே ஒராங்கி.

ஒராங்கியின் ஒழுங்கைகள்

கராச்சியின் வடமேற்கே, வரண்ட குன்றுகளின் அடிவாரத்தில், 1965ஆம் ஆண்டளவில் ஒராங்கிக் குடியிருப்பு தோன்றியது. 1971ஆம் ஆண்டின் போரின் பின் கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து ஏதிலிகளாக வந்தோர் பெருந்தொகையாக அங்கே குடியேறினர். பட்டாணியர், பஞ்சாபியர், பிஹாரியர், சிந்தியர் எனப் பல இனத்தவரும் அங்கு அயலவராயினர். காலப்போக்கில் அதன் சனத்தொகை பத்து இலட்சத்தை எட்டியது. வீட்டை மக்கள் தாமே கட்டினர். காணித் தரகனுக்குப் பணம் கொடுத்துக் காணி பெற்றனர். ஆயின் கழிவுநீருக்கு வழியில்லை. வாளிக் கக்கூசுகளும் ஊறுகுழிகளுமே இருந்தன. குழி நிரம்பினால் அழுக்கு ஒழுங்கையிற் பெருகும். ஒழுங்கை நடுவே கரிய நீர் ஓடும். அதிலே நுளம்பு பெருகும். அதன் அருகே குழந்தை தவழும். நெருப்புக் காய்ச்சலும் வயிற்றோட்டமும் மலேரியாவும் அம்மக்களின் வருமானத்தில் ஒரு பகுதியை மாதந்தோறும் மருந்துக் கடைக்குக் கொண்டு சென்றன.

1980ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் அங்கே ஒரு முதியவர் வந்தார். அவர் பெயர் அக்தர் ஹமீத் கான். பிரித்தானிய ஆட்சியில் இந்திய சிவில் சேவையில் உயர் பதவி வகித்தவர். வங்காளப் பஞ்சத்தின் கொடுமையைக் கண்டபின் அப்பதவியைத் துறந்தவர். அலிகார் அருகே ஒரு கிராமத்தில் கூலியாகவும் பூட்டுத் திருத்துபவராகவும் உழைத்து வாழ்ந்து பார்த்தவர். பின்னர் கிழக்கு வங்காளத்தின் கொமில்லாவில் கிராமியக் கூட்டுறவு முயற்சியை நடத்திப் புகழ்பெற்று, 1963இல் மக்சேசே விருது பெற்றவர். அத்தகையவர் ஒராங்கிக்கு வந்து செய்த முதல் வேலை ஒழுங்கை ஒழுங்கையாக நடந்ததுதான். திட்டமொன்றையும் அவர் கையிற் கொண்டுவரவில்லை. உங்களுக்கு மிகப் பெரிய துன்பம் எது என்று கேட்டார். சாக்கடை என்று மக்கள் கூறினர். அதைத் தீர்ப்பது யார் கடமை என்று கேட்டார். அரசாங்கத்தின் கடமை என்றனர்.

அது நியாயமான மறுமொழியே. ஆயின் அரசாங்க விலைக்கு அந்த வேலையைச் செய்வதாயின், கடன்பட்டுச் செய்ய வேண்டும். கடனை மக்கள் தலையிலே சுமத்த வேண்டும். அதை அம்மக்கள் இறுக்கவும் முடியாது. எனவே அரசாங்கம் வரப்போவதில்லை. இந்த உண்மையை எதிர்கொண்டபோதுதான் கானும் அவருடைய தோழர்களும் நான்கு தடைகளை இனங்கண்டனர். வீட்டுக்கு வெளியேயுள்ள ஒழுங்கை தம்முடையதன்று, அரசுக்குரியது என்ற எண்ணம் முதலாவது தடை. அது மனத்தின் தடை. செலவு தாங்க முடியாதது என்பது இரண்டாவது. அது பொருளின் தடை. குழாய் பதிக்கும் அறிவு இல்லை என்பது மூன்றாவது. அது தொழில்நுட்பத்தின் தடை. அயலவர் ஒன்றுகூடிச் செயலாற்றும் அமைப்பு இல்லை என்பது நான்காவது. அது சமுதாயத்தின் தடை.

நான்காவது தடையைத் தகர்க்க அவர்கள் ஒழுங்கையையே அலகாகக் கொண்டனர். இருபது முதல் நாற்பது வீடுகள் கொண்டது ஓர் ஒழுங்கை. அங்கே ஒருவரையொருவர் யாவரும் அறிவர். யார் பணம் கொடுத்தார், யார் கொடுக்கவில்லை என்பது மறைவதற்கில்லை. ஒழுங்கையார் தம்முள் ஒருவரைப் பொறுப்பாளராகத் தெரிந்தனர். பணத்தை அவரே சேர்த்தார். திட்ட அலுவலகம் ஒரு சதத்தையேனும் தொடவில்லை. அலுவலகம் கொடுத்தவை அளவைப் படம், செலவு மதிப்பீடு, கருவிகள், மேற்பார்வை ஆகியவை மாத்திரமே.

செலவு எவ்வாறு குறைந்தது என்பதுதான் இவ்வரலாற்றின் மிகக் கூர்மையான பகுதி. ஒரு நகரசபைக் குழாயின் விலையை அவர்கள் பிரித்துப் பார்த்தனர். அதிலே சீமெந்தின் விலை எவ்வளவு? உழைப்பின் கூலி எவ்வளவு? கொந்தராத்துக்காரரின் இலாபம் எவ்வளவு? அதிகாரிக்குச் சென்ற கையூட்டு எவ்வளவு? கடைசி இரண்டையும் நீக்கி, தேவைக்கு மிஞ்சிய அளவைகளையும் நீக்கி, ஆட்புழைத் தொட்டிகளை இரும்பு அச்சிலே வார்த்தபோது, வீடொன்றுக்கு ஏறத்தாழ 1,000 பாகிஸ்தான் ரூபாவுடன் மலசலகூடமும் ஒழுங்கைக் குழாயும் அமைந்துவிட்டன. அரசாங்க மதிப்பீட்டின் சிறு பங்கே அது. ஏழைக்கு நல்வாழ்வு எட்டாத கனியாக இருந்ததற்குக் காரணம் சீமெந்தின் விலையன்று, சுரண்டலின் விலையே என்பதை ஒவ்வொரு ஒழுங்கையின் கணக்கேடும் காட்டிநின்றது.

முயற்சி தொடக்கத்திலேயே கைகூடிவிடவில்லை. முதற் குழாய்களிற் பல பொருத்து ஒழுகின, நீர் போதிய அளவு தெளித்து இறுக வைக்காத கொங்கிறீற்று வெடித்தது, சரிவு பிழைத்தது. 1982இல் கட்டடக் கலைஞர் ஆரிப் ஹசனும், அடுத்த ஆண்டு இளம் பெண்மணியான பர்வீன் ரஹ்மானும் இணைந்தபின் தொழில்நுட்பம் சீர்பெற்றது. வீட்டுக் குழாய் ஒழுங்கைக் குழாயைச் சேருமிடத்திற் சிறு படிவுத் தொட்டி வைத்து, திண்மக் கழிவு அங்கேயே தங்க வழிசெய்தனர். ஒராங்கியின் இளைஞர்களே மட்டம் பார்க்கவும் படம் வரையவும் பழகினர். ஆடவர் தயங்கிய ஒழுங்கைகளிலே பெண்கள் முன்வந்து பணம் சேர்த்தனர். வீட்டுச் சுத்தத்தின் சுமையையும் நோயுற்ற குழந்தையின் சுமையையும் தாங்கியவர்கள் அவர்களல்லவா?

இவ்வாறு ஏறத்தாழ ஒரு இலட்சம் வீடுகள் தம் கைப்பணத்தாலும் தம் கண்காணிப்பாலும் குழாய் பெற்றன. ஒராங்கி ஒழுங்கைகளுள் பத்தில் ஒன்பதுக்கு மேற்பட்டவை இதனை நிறைவேற்றின. ‘இயலாதவர்’ என்று திட்டமிடுவோரால் ஒதுக்கப்பட்டவர்கள் செய்த வேலை இது.

ஓடையிலே நின்ற வினா

இத்துடன் கட்டுரையை முடித்துவிடின் அது பாதி உண்மையாகவே முடியும். ஒழுங்கைக் குழாய் எங்கே போய்ச் சேர்ந்தது? நாலா என அவர்கள் அழைக்கும் இயற்கை ஓடைகளில். ஓடைகள் லியாரி ஆற்றிற் கலந்தன; ஆறு அரபிக் கடலிற் கலந்தது. கராச்சி மாநகரின் கழிவுநீரிற் பெரும்பகுதி சுத்திகரிக்கப்படாமலே கடலை அடைகிறது. இலண்டன் 1865இல் செய்ததையே ஒராங்கியும் ஒரு வகையிற் செய்தது: தன் வாசலைத் தூய்மையாக்கித் தூரத்துக் கடலுக்கு அழுக்கை அனுப்பிற்று. ஒரு வேறுபாடு உண்டு. இலண்டனின் கையில் ஒரு பேரரசின் செல்வம் இருந்தது. ஒராங்கியின் கையில் அன்றாடக் கூலி மாத்திரமே இருந்தது.

ஒராங்கித் தோழர்கள் இதை அறியாதவரல்லர். வீட்டு மலசலகூடம், ஒழுங்கைக் குழாய், ஒழுங்கைகளை இணைக்கும் துணைக் குழாய் ஆகிய மூன்றும் மக்களால் இயலும். பெருங்குழாயும் சுத்திகரிப்பும் அரசினால் மாத்திரமே இயலும் என்று அவர்கள் வகுத்துக் கூறினர். இது பங்கீட்டுக் கோட்பாடு. மக்கள் தம் பங்கைச் செய்து காட்டிவிட்டு, இனி உன் பங்கைச் செய் என்று அரசைக் கேட்பது. 2006ஆம் ஆண்டில் பாகிஸ்தானின் தேசிய சுகாதாரக் கொள்கை இக்கோட்பாட்டை ஏற்றுக்கொண்டது.

அவர்களின் கோரிக்கை வெறும் சொல்லாக இருக்கவில்லை. பர்வீன் ரஹ்மானின் தலைமையில் இளைஞர்கள் கராச்சியின் ஓடைகளையும் குடியிருப்புகளையும் அளந்து வரைபடமாக்கினர். நகரத்தின் கழிவுநீர் ஏற்கெனவே ஓடைகளின் வழியேதான் ஓடுகிறது. ஆகவே அவ்வோடைகளைப் பெட்டி வடிகாலாகச் சீரமைத்து, அவை முடியுமிடத்தில் சுத்திகரிப்பு நிலையம் அமைப்பதே குறைந்த செலவான வழி என்று வாதிட்டனர். கொரங்கிப் பகுதிக்கு ஆசிய அபிவிருத்தி வங்கியின் பெருங்கடனில் வகுக்கப்பட்ட கழிவுநீர்த் திட்டம், இருக்கின்ற குழாய்களைக் கணக்கில் எடுக்கவில்லை என்பதை அவர்கள் எடுத்துக்காட்டினர். 1999இல் அக்கடன் கைவிடப்பட்டது.

வரைபடம் சாதுவான பொருளாகத் தோன்றும். ஆனால் யாருடைய காணி யாராற் பறிக்கப்படுகிறது, யாருடைய நீர் யாராற் களவாக விற்கப்படுகிறது என்பதையும் வரைபடம் காட்டிவிடும். பர்வீன் ரஹ்மான் அவற்றையும் பதிவுசெய்தார். 2013ஆம் ஆண்டு மார்ச் 13ஆம் நாள், அலுவலகத்திலிருந்து வீடு திரும்பும் வழியில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். சாக்கடையை அளந்த ஒரு பெண்ணைத் துப்பாக்கி தேடிவந்தது ஏன் என்று சிந்திப்போமாயின், கழிவுநீர் அரசியல் சார்ந்ததா இல்லையா என்ற வாதத்துக்கு இடமிராது.

அழுக்கு நீர் தெளிவது எவ்வாறு?

சுத்திகரிப்பு என்றதும் பெரும் இயந்திரங்களே நம் நினைவுக்கு வருகின்றன. உண்மையில் அவ்வேலையைச் செய்வன நுண்ணுயிர்கள்; இயந்திரம் அவற்றுக்குக் காற்றூட்டும் ஏவலாள். காற்றும் வெயிலும் நேரமும் கிடைக்குமாயின், ஒரு குடியிருப்பின் கழிவுநீரை அக்குடியிருப்பின் அருகிலேயே மின்சாரமின்றித் தெளியவைக்க முடியும். முதலில் ஒரு மூடிய தொட்டியிலே திண்மம் அடியிற் படிகிறது. அடுத்து, தடுப்புச் சுவர்கள் பல கொண்ட தொட்டியில் நீர் மேலும் கீழுமாக ஏறி இறங்கிச் செல்ல, காற்றின்றி வாழும் நுண்ணுயிர்கள் அழுக்கை உண்கின்றன. பின்னர் சரளைக் கற்படுக்கையில் நாணலும் கோரையும் வளர்ந்திருக்க, அவற்றின் வேரிடையே நீர் ஊர்கிறது. ஈற்றில் ஆழமற்ற குளத்திலே வெயில் படுகிறது. நோய்க் கிருமிகள் பெரும்பாலும் மடிகின்றன. தோட்டத்துக்குப் பாய்ச்சத்தக்க நீர் வெளிவருகிறது. இம்முறையிலமைந்த சிறு நிலையங்கள் 1990கள் தொடக்கம் இந்தோனேசியா, இந்தியா முதலிய நாடுகளிற் பல குடியிருப்புகளிலும் வைத்தியசாலைகளிலும் பாடசாலைகளிலும் அமைக்கப்பட்டன.

இத்தத்துவத்தைப் பேரளவிற் காட்டிநிற்பது கொல்கத்தாவின் கிழக்கேயுள்ள சதுப்பு நிலம். அந்நகரின் கழிவுநீரை ஏரிகளிலே தேக்கி, வெயிலாலும் பாசியாலும் தெளியவைத்து, அதிலே மீன் வளர்க்கும் கலையை அங்குள்ள மீனவர்களும் உழவர்களும் பல தலைமுறையாகப் பயின்றுள்ளனர். 1980களில் துருபஜோதி கோஷ் என்ற பொறியியலாளர், நகரின் அழுக்கு எங்கே போகிறது என்று தேடிச்சென்று அம்மக்களின் அறிவைக் கண்டு வியந்தார். அதனைக் காப்பதையே தன் வாழ்நாட் பணியாக்கினார். ஏறத்தாழ 12,500 ஹெக்டயர் கொண்ட அந்நிலம் 2002இல் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக ஏற்கப்பட்டது. பல்கலைக்கழகம் செல்லாத மக்களின் கையிலே ஒரு மாநகரின் சுத்திகரிப்பு நிலையம் இருந்தது. மாநகரம் அதனை நெடுங்காலம் அறியவில்லை.

எனினும் சிறு நிலையங்களிலும் ஒரு படிப்பினை உண்டு. இந்தோனேசியாவில் 2003 முதல் அரசின் ஆதரவுடன் குடியிருப்பு மட்டத்தில் ஆயிரக்கணக்கான நிலையங்கள் கட்டப்பட்டன. கட்டியபின் பராமரிப்பு முழுவதும் மக்களிடமே விடப்பட்டது. அன்றாடக் கூட்டிப் பெருக்கலையும் சிறு திருத்தங்களையும் அயலவர் செய்தனர். ஆனால் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை சேற்றை அகற்றுவதும், உடைந்த பெருந்தொட்டியைத் திருத்துவதும், வெளியேறும் நீரைச் சோதிப்பதும் அவர்களின் சக்திக்கு மிஞ்சியவையாக இருந்தன. அயலவரின் ஆர்வம் ஒரு நாளிற் கிணறு வெட்டிவிடும். முப்பது ஆண்டுகள் ஓர் அலுவலகத்தை நடத்திவிடாது. நல்லெண்ணத்துக்கும் நிதியொதுக்கீடு வேண்டும்.

மக்களா, அரசா?

முற்போக்கு எண்ணமுடையோர் இங்கே ஒரு வினாவை எழுப்புவர். ஏழை மக்களைத் தாமே குழாய் பதிக்கச் சொல்வது, செல்வர் தெருவுக்கு வரிப்பணத்தில் குழாய் பதிக்கும் அரசைப் பொறுப்பிலிருந்து விடுவிப்பதாகாதா? செல்வர் உழைக்காமற் பெறுவதை ஏழைகள் ஏன் கல்லும் மண்ணும் சுமந்து பெறவேண்டும்?

வலுவான வினா இது. இதனைத் தட்டிக்கழித்தல் ஆகாது. சுயஉதவி என்ற சொல்லைப் பல ஆட்சியாளர்கள் தம் கடமையிலிருந்து நழுவுதற்குக் கேடயமாக்கியுள்ளனர் என்பது உண்மை. ஆயினும் இதற்குப் பிரேசில் நாட்டின் அனுபவம் ஒரு விடை தருகிறது. 1980களின் தொடக்கத்தில், இராணுவ ஆட்சி இன்னும் முடியாதிருந்த காலத்தில், வடகிழக்குப் பிரேசிலின் நாத்தால் நகரத்துத் தொழிலாளர் குடியிருப்புகளில் யொசே கார்லோஸ் டி மெலோ என்ற பொறியியலாளர் ஒரு புதுமுறையைக் கையாண்டார். ஒவ்வொரு வீட்டையும் தனியே தெருக் குழாயோடு இணைக்காது, ஒரு மனைத்தொகுதி முழுவதையும் ஒரே வீடாகக் கருதி, கொல்லைப்புறத்திலோ நடைபாதையிலோ ஆழங்குறைந்த சிறு குழாயைப் பதித்து, தொகுதிக்கு ஓர் இணைப்பு மாத்திரம் கொடுத்தார். எந்த வழியே குழாய் செல்வது, யார் பராமரிப்பது என்பதை அயலவர் கூடித் தீர்மானித்தனர்.

1990களில் தலைநகர் பிரசீலியாவின் அரச நிறுவனமே இம்முறையை நகர் முழுவதற்கும் ஏற்றுக்கொண்டது. வறியோரின் துணைநகரங்களுக்கும் செல்வரின் மாளிகைப் பகுதிகளுக்கும் ஒரே முறை. பத்தாண்டுகளுக்குள் ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் இணைக்கப்பட்டனர். மறுமுனையில், பாசி படர்ந்து நாறிக்கிடந்த பரனோவா ஏரியைக் காக்கும் சுத்திகரிப்பு நிலையங்களை அரசு கட்டியது. ஏரி தெளிந்து மக்கள் நீராடும் இடமாயிற்று. ஒழுங்கையிலே மக்களின் தீர்மானம். ஏரிக்கரையிலே அரசின் பொறுப்பு. இரண்டும் சந்தித்த இடத்திலே வெற்றி பிறந்தது. ஒராங்கியில் முதற்பாதி நடந்தது. இரண்டாம் பாதிக்கு மக்கள் இன்னும் குரல்கொடுத்தவண்ணமே உள்ளனர்.

ஆகவே மக்களா, அரசா என்று கேட்பதே பிழையான கேள்வி. எந்தப் பங்கு யாருடையது, அதனை யார் கண்காணிப்பது என்பதே கேட்கவேண்டிய கேள்வி. தன் ஒழுங்கையின் செலவுக் கணக்கைத் தானே எழுதிய மக்கள் கூட்டத்தை எந்தக் கொந்தராத்துக்காரரும் எளிதில் ஏமாற்ற முடியாது. அவ்வறிவே அவர்கள் பெற்ற பெருஞ்சொத்து. அரசிடம் உரிமையோடு கணக்குக் கேட்கும் வலிமையும் அதிலிருந்தே பிறக்கிறது.

நமக்கு எட்டியது

இவையெல்லாம் எங்கோ தொலைநாட்டுக் கதைகள் என்று நாம் இருந்துவிட முடியாது. நம் நாட்டிலும் 1984இல் தொடங்கிய பத்து இலட்சம் வீடுகள் திட்டத்தின்போது, கொழும்பின் சேரித் தோட்டங்களில் அமைந்த சமுதாய அபிவிருத்தி மன்றங்களுக்கே கிணறு, வடிகால், மலசலகூடம் ஆகியவற்றைக் கட்டும் ஒப்பந்தங்கள் நேரடியாக வழங்கப்பட்டன. கொந்தராத்துக்காரரை விலக்கி, அவ்விடத்து மக்களே வேலையைப் பொறுப்பேற்ற அச்சமுதாய ஒப்பந்த முறை பின்னர் வேறு பல நாடுகளுக்கும் முன்மாதிரியாயிற்று. நாம் உலகுக்குக் கற்பித்த பாடத்தை நாமே மறந்திருத்தல் அழகன்று.

வடபுலத்தின் நிலை இன்னும் கூர்மையானது. யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு வற்றாத ஆறில்லை. மண்ணின் கீழேயுள்ள சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளிலே தேங்கிய மழைநீரே நம் கிணறு. அக்கல் வடிகட்டியன்று, சல்லடை. மலசலகூடக் குழியிலே விழுவது நிலத்தடியில் விரைந்து ஊறி அயலவன் கிணற்றை அடைகிறது. வயலுக்கு இடும் உரத்தோடு இதுவும் சேர்ந்து, பல கிணறுகளில் நைத்திரேற்றின் அளவு குடிநீருக்கு ஏற்ற எல்லையைத் தாண்டியுள்ளதை ஆய்வாளர் பலமுறை எடுத்துக் கூறியுள்ளனர். வீடுகள் நெருங்கி, காணிகள் துண்டுபட்டு, குழிக்கும் கிணற்றுக்குமுள்ள தூரம் குறுகிக்கொண்டே செல்கிறது. வேலி ஒவ்வொன்றும் நம் காணியைப் பிரித்துவைத்திருக்கலாம். வேலிக்குக் கீழே நீர் ஒன்றே. நம் முன்னோர் சாதி பார்த்துக் கிணற்றைப் பிரித்தனர். நிலத்தடி நீர் அப்பிரிவினையை ஒருபோதும் ஏற்றுக்கொண்டதில்லை.

இங்கே தனித்தனி வீட்டின் முயற்சியால் மீட்சியில்லை. பத்து வீடுகளுக்கு, இருபது வீடுகளுக்கு ஒரு கசியாத தொட்டியும் ஒரு நாணற் படுக்கையும் அமைவது இயலாத காரியமன்று. அதற்கு நிலம் வேண்டும். அயலவரின் இணக்கம் வேண்டும். சேற்றை இயந்திரத்தால் அகற்றவும் நீரைச் சோதிக்கவும் பிரதேச சபையின் நிரந்தரப் பொறுப்பு வேண்டும். இவற்றுக்கெல்லாம் மேலாக, அந்த வேலையைச் செய்யும் தொழிலாளிக்குக் கையுறையும் காலணியும் நியாயமான சம்பளமும் மனித மதிப்பும் வேண்டும். அவனை மீண்டும் குழிக்குள் இறக்கும் எந்தத் தூய்மையும் நமக்கு வேண்டியதில்லை.

ஒராங்கியின் மக்கள் பேரறிஞர்களல்லர், செல்வந்தருமல்லர். நெசவாளரும், கூலியாட்களும், சிறு கடைக்காரரும், அவர்தம் மனைவியருமே. தமது வாசலுக்கு வெளியே உள்ள நிலமும் தம்முடையதே என்று அவர்கள் துணிந்த நாளிலே அவர்களின் வரலாறு திரும்பியது. வாசலோடு நின்றுவிடும் தூய்மையைத்தான் நாம் இதுநாள்வரை போற்றி வந்திருக்கிறோம். காலையில் முற்றத்தைக் கூட்டிச் சாணம் தெளித்துக் கோலமிட்டுவிட்டு, அழுக்கை ஒழுங்கையிற் கொட்டிய சமுதாயம் நம்முடையது. அந்த ஒழுங்கையிலிருந்து கடல்வரை உள்ள தூரம் நமக்குப் பொதுவானது. அந்தத் தூரத்தில் நாம் செய்யவேண்டியது எது, நம் வரிப்பணத்தில் ஆளுவோர் செய்யவேண்டியது எது என்பதை ஒவ்வொரு ஒழுங்கையாரும் கூடியிருந்து கணக்கிடத் தொடங்குவார்களாக!